ஸல்மா வெட்டிய வானம்

வழுவழுத் தாள் பைக்கு ஆகாது. பசை பிடிக்காது. பிடித்தாலும், அரை இறாத்தல் சீனியைப் போட்டுத் தூக்கினால் அடி பிளந்துகொள்ளும். பதுளை பசறை வீதியில் சில்லறைக் கடை வைத்திருந்த மொஹிதீனுக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். அதனால் பழைய தாள் வாங்கிய நாட்களில் கட்டை அவிழ்த்து, செய்தித்தாளை ஒரு பக்கமும் வழுவழுத் தாளை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துப் போடுவார். செய்தித்தாள் பையாகும். மற்றது அடுப்பெரிக்கப் போகும்.

அதை அடுப்புக்குப் போக விடாமல் எடுத்து வைத்தவள் அவருடைய தங்கை ஸல்மா. கலியாணமாகி இரண்டாம் வருஷமே கணவன் மௌத்தாகிப் போக, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். கடைக்குப் பின்புறம்தான் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீலத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து, கடைக்கு வேண்டிய பைகளை எல்லாம் ஸல்மாதான் ஒட்டினாள். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்ட பசை எப்போதும் அவள் பக்கத்தில் இருக்கும். கை பையை ஒட்டும். கண் வழுவழுத் தாளில் இருக்கும்.

தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களிலிருந்து சமையல்காரர்கள் கொண்டுவந்து போடும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவை. மற்றவர்கள் அவற்றில் படம் பார்ப்பார்கள். ஸல்மா தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"நேராப் பாத்தா கார் தெரியுது நானா. தலைகீழாப் பாத்தாத்தான் நெறம் தெரியுது" என்று அண்ணனிடம் சொல்வாள்.

அப்படி வெட்டிய துண்டுகளைப் படத்துக்குப் படம் சேர்க்காமல் நிறத்துக்கு நிறம் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்தாள். பச்சைக்கு மட்டும் மூன்று டின். பிறகு சவர்க்காரப் பெட்டி அட்டையில் துண்டு துண்டாக ஒட்டத் தொடங்கினாள். யாரோ ஒரு சீமாட்டியின் சட்டை, மலைச் சரிவானது. குளிர்பெட்டிக் கதவைக் கீறிக் கீறி ஒட்ட, துன்ஹிந்த அருவி விழுந்தது. காரின் மூடியிலிருந்து மழை நனைத்த தார் ரோடு ஒன்று வளைந்து போனது.

உம்மா ரஹ்மத்தும்மா முதல் படத்தைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மூலைக்கு மூலை விரலை வைத்துச் சோதித்தார்.

"இதுல மனுசன் யாரும் இல்லயே?"

"இல்ல உம்மா."

"கண்ணும் மூக்கும் வெச்ச உருவம் சுவத்துல தொங்கினா அந்த ஊட்டுக்கு அல்லாட மலக்குமார் வரமாட்டாங்க. வெளங்குதா?"

"மொதுகு தெரிஞ்சா?"

உம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மொதுகுல கண் இல்லத்தானே" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஸல்மாவின் படங்களில் மனிதர்கள் வந்தார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், மலையில் கூடையோடு கொழுந்தெடுக்கும் பெண்கள். பசறை வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கொழுந்துக்காரிகளின் முதுகும் கூடையும்தான் தெரியும் என்பதால் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

மொஹிதீன் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் கணக்கும் கையெழுத்தும் சுத்தம். அடிமட்டம் வைத்து ஒவ்வொரு படத்தின் நான்கு ஓரத்தையும் அளந்து, ஒரு நூல் கூடுதலாக இருந்தாலும் நறுக்கி, பின்புறம் தேதி எழுதி வைப்பார். நல்லதாக ஒன்றைத் தராசுக்குப் பின்னால் சுவரில் மாட்டினார். உப்புப் புளி வாங்க வருகிறவர்களைக்கூட அவர் சும்மா விடுவதில்லை.

"இது என்ன தெரியுமா? பெயின்ட் இல்ல. முழுக்கத் தாள். என்ட தங்கச்சி வெட்டி ஒட்டினது. கிட்ட வந்து பாருங்க, காசு கேக்க மாட்டேன்."

பள்ளிக்கூடத்துச் செல்வரத்தினம் மாஸ்டர் இடமாற்றம் பெற்றுப் போனபோது, பிள்ளைகள் பிரியாவிடைக்கு ஸல்மாவிடம் ஒரு படம் செய்வித்தார்கள். பள்ளிக்கூடமும் மலையும், மேலே வானத்தில் மாஸ்டரின் முழுப்பெயரும் பட்டமும், பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து வெட்டிய எழுத்துகளில். கூட்டத்தில் அதற்குக் கிடைத்த கைதட்டலை மொஹிதீன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுபதாம் ஆண்டு, மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பூவாயி கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். தகரப் பெட்டிக்குப் பூட்டு ஒன்று கேட்டாள். மொஹிதீன் பூட்டைத் தேடி எடுத்துத் திரும்பியபோது அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்தத் தோட்டத்து மலைங்க மொதலாளி?"

"எந்தத் தோட்டமும் இல்ல. தாள். என்ட தங்கச்சி..."

"இந்தப் பொம்பளைங்க நெரை புடிச்சு நிக்கிறது அப்புடியே இருக்குங்க." சொல்லிவிட்டுப் பூட்டைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் போகவில்லை. "எங்களுக்கு இந்தியாப் பாஸ்போட்டு வந்துருச்சுங்க. வார வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளிக்கெழம ஸ்டேசன்ல கோச்சி ஏறணும். அப்பறம் கப்பலு. எங்கம்மா போயி ரெண்டு வருசமாச்சு. இங்கதான் பொதைச்சோம். ஒரு போட்டோ இல்லீங்க. தங்கச்சி செஞ்சு குடுக்குமாங்க?"

மொஹிதீனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னார். "செய்யும். ஆனா எங்க ஊட்டுல மொகம் வெக்கிறதில்ல. மொதுகுப் பக்கந்தான்."

"முதுகே போதுங்க. சின்னப் புள்ளையிலேருந்து அம்மா முதுகுக்குப் பின்னாடி நடந்துதானே மலைக்குப் போனேன்."

மொஹிதீன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் அவருக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டு, பூவாயி சொன்னதைச் சொன்னபடியே சீட்டில் எழுதினார். ஆள் குள்ளம். இடது தோள் கொஞ்சம் இறக்கம். கம்பளி சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. இடுப்பில் சாக்குப் படங்கு. வலது கையில் இரண்டு விரல் மடங்காது, அதனால் எல்லோருக்கும் பின்னால்தான் நிற்பாள். கூடை எப்போதும் பாதிதான் நிறைந்திருக்கும்.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. பூவாயி பூட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். இறங்கியவள் திரும்பி, "மொதலாளி, அம்மாவுக்கு முழுப்பேரு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது" என்றாள்.

மொஹிதீன் அதையும் எழுதினார்: 'முழுப்பேர் போடவும். கட்டாயம்.' கட்டாயத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

முழுப்பேர் என்ன என்று கேட்டுக்கொள்ள மறந்துபோனது அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. இன்னொருவராக இருந்தால் விட்டிருப்பார். மொஹிதீன் காத்திருந்தார். திங்கட்கிழமை அந்தத் தோட்டத்துக் கந்தோரில் வேலை பார்க்கும் வீரசிங்கம் கிளாக்கர் சுருட்டு வாங்க வந்தார்.

"ஐயா, ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்கட தோட்டத்துல மௌத்தான ஒரு பொம்பளை. பூவாயிட உம்மா. முழுப்பேர் வேணும்."

"உமக்கு ஏன் காணும் அது? கடன் கிடன் வைச்சிட்டுச் செத்துப்போனவவோ?"

"சே, இல்ல ஐயா. தங்கச்சி ஒரு படம் செய்றா. அதுல போடணும்."

வீரசிங்கம் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். "செத்தாப் பிறகு அவவுக்கு விலாசமோ! சரி, செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புறன்."

சொன்னபடி மறுநாளே துண்டு வந்தது. முத்துக்கருப்பன் காத்தாயி. பதின்மூன்று எழுத்து.

ஸல்மா அதற்குள் மலையை முடித்திருந்தாள். இளம்பச்சை கீழே, கரும்பச்சை மேலே, நடுவே கொழுந்துக்காரிகள் வரிசை. வரிசைக்குப் பின்னால், தனியாக, சாம்பல் கம்பளியும் சிவப்புக் கோடுமாகக் காத்தாயி. இடது தோள் இறங்கியிருந்தது. கூடையில் சீட்டில் எழுதியிருந்தபடியே பாதிக் கொழுந்து. மேலே வெறும் வானம், ஒரே தாளில் வெட்டிய மங்கலான நீலம். அப்படி ஒரு நீலம் கிடைக்க அவள் ஐந்து மாதம் காத்திருந்தாள்.

பேர்த் துண்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிற்று. "வானத்துல பேர எழுதினா கடப் போர்டு மாதிரி ஈக்கும் நானா."

"மாஸ்டர்ட படத்துல போட்டாய்தானே?"

"அது மாஸ்டர். இது மலையில நிக்கிற மனுசி. யாரு அவட பேர வானத்துல எழுதினது?"

"அவ கேட்டது அத ஒண்ணத்தான். நான் எழுதி வெச்சீக்கேன், பாரு. கோடும் போட்டீக்கேன்."

"கோட்டப் பாத்தேன்" என்றாள் ஸல்மா.

மூன்று நாள் எழுத்துத் தேடினாள். பன்னிரண்டு கிடைத்தன. 'ரு' மட்டும் அளவாகக் கிடைக்கவில்லை; கடைசியில் ஒரு மருந்து விளம்பரத்திலிருந்து வெட்டினாள். மொஹிதீன் அடிமட்டம் பிடித்துக் கொடுக்க, எழுத்துகள் ஒரே நேர்கோட்டில் வானத்தில் ஏறி உட்கார்ந்தன.

கோச்சிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை பகல், பூவாயி வந்தாள். மொஹிதீன் படத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கவுண்டரின் மேல் வைத்துத் திருப்பினார். பூவாயி முதலில் மலையைப் பார்த்தாள். பிறகு வரிசையை. பிறகு விரலை நீட்டி, காத்தாயியின் இறங்கின தோளைத் தொடாமல் தொட்டாள்.

"ஆத்தாடி" என்றாள்.

மொஹிதீன் பொறுத்திருந்து, சரியான நேரம் என்று பட்டபோது வானத்தைக் காட்டினார்.

"மேல என்னங்க எழுத்து?"

"முத்துக்கருப்பன் காத்தாயி. உங்கட உம்மாட முழுப்பேர். கந்தோருக்குச் சொல்லி அனுப்பி எடுத்தேன்."

"அம்மா பேரா?" பூவாயி எழுத்துகளை ஒரு தடவை பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு." தலைத் துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "கூடைதான்... பரவாயில்லீங்க. நேரமும் இல்ல."

பரவாயில்லை என்ற சொல்லை மொஹிதீனால் சும்மா விட முடியாது. "கூடைக்கு என்ன? நீங்க சொன்னபடி பாதிதானே?"

"ஆமாங்க, பாதிதான். எங்கம்மாவுக்கு வெரலு மடங்காது. இருவது வருசம் கொழுந்து எடுத்துச்சு, ஒரு நாளும் நிறுவையில நிக்காது. எல்லாருக்கும் ஒரு பேரு விழும், அம்மாவுக்கு அரைப்பேரு. லயத்துல புள்ளைங்ககூட அரைப்பேரு காத்தாயின்னுதான் கூப்புடும். அதான் படத்துலயாச்சும் முழுப்பேரு போடச் சொன்னேன்."

மொஹிதீன் வானத்தைக் காட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. நிறுவைக்கு வேண்டிய கொழுந்தைக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். பத்து நாள் வேலை செய்தவள் பத்துப் பேர் போட்டவள். இது அவருக்குத் தெரியாததா? இருபது வருஷமாகத் தோட்டத்துச் சனத்தோடு வியாபாரம். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று அவரே நாளுக்கு நாலு பேரிடம் கேட்கிறவர். மாஸ்டரின் படமும் கைதட்டலும் மண்டைக்குள் நின்றதில், கேட்ட சொல் வேறாக விழுந்திருக்கிறது. அதைக் கோடு போட்டு எழுதி, கந்தோர் வரைக்கும் ஆள் அனுப்பி, தங்கை வேண்டாம் என்றதையும் கேளாமல் வானத்தில் ஏற்றிவிட்டார்.

"விலாசம் தாங்க. வேற ஒண்ணு செஞ்சு தபால்ல அனுப்புறோம்."

"எந்த ஊருன்னே தெரியாதுங்க. கப்பல விட்டு எறங்கினாப் பொறகு, மண்டபம் கேம்புலதான் சொல்லுவாங்களாம்."

நீலத் திரை விலகிற்று. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸல்மா நின்றாள். கடையில் ஆள் இருக்கும்போது அவள் அந்தத் திரையைத் தாண்டியதில்லை.

"உள்ள வாங்க அக்கா. கடைசி பஸ் அஞ்சரைக்குத்தானே?"

பூவாயி பாயில் உட்காரத் தயங்கினாள். உம்மா அவளை உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். "கொழுந்து எடுக்கிற ஆளுக்கே நான் தேத்தண்ணி ஊத்துறேன். பிழை சொல்லாமக் குடிங்க" என்றார். ஸல்மா மூன்று பச்சை டின்களையும் பாயில் கொட்டினாள். பெரிய கரும்பச்சைத் துண்டு ஒன்றை எடுத்துக் கூடையின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஐயையோ, அது முத்தலு தங்கச்சி. அத எடுத்தா கங்காணி கூடையக் கவுத்துப்புடுவான்."

"இது?"

"இதுவும் கறட்டு எலைதான். தள்ளுங்க."

"அப்ப எதத்தான் எடுக்கிற?"

பூவாயி கோப்பையைக் கீழே வைத்தாள். குவியலுக்குள் இரண்டு கைகளும் போயின. திரையோரம் நின்ற மொஹிதீன் அந்த விரல்களைப் பார்த்தார். கண்ணைவிட வேகமாக அவை போய் வந்தன. சவர்க்கார விளம்பரத்து இளம்பச்சை, யாரோ ஒருத்தியின் பட்டுச் சேலை ஓரம், எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள் கலந்த பச்சை. அவள் எடுத்து எடுத்துக் கொடுக்க, ஸல்மா ஒவ்வொன்றையும் நகத்தளவாக, இரண்டு இலையும் நடுவே ஒரு மொட்டுமாக வெட்டினாள். பெரிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுக்கிற கவனம் இருவருக்கும். இடையிடையே ஸல்மா வேண்டுமென்றே ஒரு முத்தலை நுழைப்பாள். பூவாயி தலையை நிமிர்த்தாமலே அதைத் தட்டிவிடுவாள். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

கூடை விளிம்பு வரைக்கும் வந்தது. விளிம்பையும் தாண்டிக் குவிந்தது.

"போதும் தங்கச்சி, போதும். இதுக்கு மேல ஏத்தினா அம்மா கழுத்து தாங்காது."

ஸல்மா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "நானா, அடிமட்டத்தத் தாங்க" என்றாள்.

மொஹிதீன் கொடுத்தார். மலை முடிகிற இடத்தில் அவள் அதைக் குறுக்கே வைத்தாள். பெரிய கத்தரியை எடுத்தாள்.

"ஏய், என்ன செய்யப் போறாய்? அந்த நீலத்துக்கு அஞ்சு மாசம்..."

கத்தரி அட்டையைக் கடித்துக்கொண்டு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. வானம் பதின்மூன்று எழுத்தோடு பாயில் விழுந்தது.

"உங்கட சீட்டுல எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல நானா" என்றாள் ஸல்மா, கத்தரியைத் துடைத்துக்கொண்டே. "அதுதான் கஷ்டமாப் போச்சு."

படத்தில் இப்போது மலை மட்டும்தான். நான்கு ஓரமும் பச்சை முட்டிக்கொண்டு நின்றது. மொஹிதீனுக்கு முதலில் மூச்சு முட்டுவது போலிருந்தது. பூவாயி அதைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க சரி. நெரையில நிக்கயில வானம் எங்க தெரியும்? கொழுந்துதான் தெரியும்" என்றாள். அதன் பிறகு பார்த்தபோது மொஹிதீனுக்கும் கண் முதலில் போய் நின்ற இடம் அந்தக் கூடைதான்.

அடுப்பு வெக்கையில் பசையைக் காயவைத்து, படத்தை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நெடுக்கும் குறுக்குமாகச் சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார் மொஹிதீன். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பூவாயி எழும்பும்போது பாயில் கிடந்த நீலத் துண்டையும் எடுத்துச் சுருட்டினாள்.

"அது எதுக்கு அக்கா?" என்று ஸல்மா கேட்டாள்.

"விட்டுட்டுப் போவாங்களா? அதுவும் அம்மா பேருதானே."

ஐந்தரை பஸ்ஸில் அவள் போனாள். மறுநாள் காலையில் கோச்சி ஊதியபோது ஸல்மா பை ஒட்டிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்திக் கேட்டாள், பிறகு ஒட்டினாள்.

பூவாயி சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அடுத்த கிழமையே அதே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். அவருக்கும் பாஸ்போட்டு வந்திருந்தது. அவருக்கு ஆளின் படம் வேண்டாம். பிறந்து வளர்ந்த வீட்டின் படம் வேண்டுமாம். மொஹிதீனின் கை தன்னால் காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது. தொட்டதை விட்டுவிட்டு, கவுண்டரைச் சுற்றி வந்து, திரையைத் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள போங்க. தங்கச்சிக்கிட்டயே சொல்லுங்க."

அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம், எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை போகும் வரைக்கும், தோட்டங்களை விட்டுப் போனவர்களுக்காக ஸல்மா அறுபத்தேழு படங்கள் செய்தாள். தேதி வைத்து எண்ணியது மொஹிதீன்தான். சீட்டு மட்டும் எழுதியதில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாயில் உட்கார்ந்து, பச்சையையும் சாம்பலையும் தாங்களே பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குக் கிழவர் பாயில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொள்வது கடைக்குக் கேட்டது.

"எங்களுது தொங்க வீடும்மா."

"தொங்க வீடுன்டா என்ன?" என்று ஸல்மா கேட்டாள்.

லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில் கடைசி வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். மொஹிதீனுக்கு அது தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தார். திரைக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு, கிழவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்.